போதைப் பழக்கம் உள்ளவரின் வாக்குமூலத்தை எடைபோடுவது எப்படி

காவல் நிலையத்தில் பெறப்பட்ட ஒரு வாக்குமூலம் நம்பத்தக்கதா என்ற ஐயம் எழும்போது, அடித்தார்களா, மிரட்டினார்களா என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கிறது. வாக்குமூலம் கொடுத்தவர் கடைசியாக எப்போது குடித்தார், எப்போது மாத்திரை போட்டார், எப்போது ஊசி ஏற்றிக்கொண்டார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒருவர்மீது விரல்கூடப் படாமல், யாரும் குரலை உயர்த்தாமல் இருந்தாலும், பழகிய பொருள் கிடைக்காத உடம்பே அவரைச் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். அப்படி நடந்துவிட்டால் தவறான ஆள் சிறையில் இருப்பதோடு, உண்மையில் குற்றம் செய்தவர் வெளியே இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் இளம் வழக்கறிஞர்கள், புலன் விசாரணை அதிகாரிகள், கைதானவரைப் பரிசோதிக்கும் அரசு மருத்துவர்கள் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

மணிக்கணக்கை முதலில் எழுதுங்கள்

வாக்குமூலத்தின் சொற்களைப் படிப்பதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து நேரங்களை வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். கடைசியாகப் பொருளைப் பயன்படுத்திய நேரம், கைதான நேரம், ஒவ்வொரு விசாரணையும் தொடங்கி முடிந்த நேரம், மருத்துவர் பார்த்த நேரம், ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால் அதன் பெயரும் அளவும் நேரமும், நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தப்பட்ட நேரம் ஆகியவை அந்தத் தாளில் இருக்க வேண்டும். இவை ஒரே ஆவணத்தில் கிடைக்கமாட்டா. கைதுக் குறிப்பு, நிலையத்தின் பொது நாட்குறிப்பு, மருத்துவமனையின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், ஓ.பி. சீட்டு, சிறையில் சேர்க்கும்போது எழுதும் மருத்துவப் பதிவு ஆகியவற்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திரட்ட வேண்டும். கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை மட்டும் அவரிடமும், அன்று அவரோடு இருந்தவர்களிடமும், வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்ப்பதே நல்லது.

அடுத்து, அந்தந்தப் பொருளுக்குரிய காலக்கணக்கை அதன் பக்கத்தில் எழுதுங்கள். ஹெராயின் பழகியவருக்குக் கடைசியாக எடுத்ததிலிருந்து ஏறத்தாழ 8 முதல் 24 மணி நேரத்துக்குள் விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய பொருள் கிடைக்காததால் உடம்பும் மனமும் படும் வேதனைகள், தொடங்குகின்றன. 36 முதல் 72 மணி நேரத்துக்குள் அவை உச்சத்தை எட்டி, அதன்பின் ஒரு வாரம் பத்து நாளில் தணிகின்றன. தமிழ்நாட்டு வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாக ஏற்றுபவர்களுக்கும் இதே வகையான அறிகுறிகள்தாம் வரும். மெதடோன் போன்ற நீண்ட நேரம் நிற்கும் மருந்துகளில் தொடக்கமே ஒரு நாள், இரண்டு நாள் தள்ளிப்போகும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவருக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கமும் வியர்வையும் பதற்றமும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைக் காண்பதும், நாள், இடம், ஆள் தெரியாமல் பிதற்றுவதுமான கடும் நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரக்கூடும். அந்தக் கடும் நிலை உயிருக்கே ஆபத்தானது. அப்போது செய்ய வேண்டியது விசாரணை அன்று, சிகிச்சை. நைட்ரசெபாம், டயசெபாம், அல்பிரசோலாம் போன்ற தூக்க மாத்திரைகளில் விலகல், மாத்திரையைப் பொறுத்து ஓரிரு நாளிலோ சில நாள் கழித்தோ தொடங்கி வாரக்கணக்கில் நீளலாம். மெத்தம்பெட்டமைன் எடுத்தவர் நாள்கணக்கில் தூங்காமலிருந்து, யாரோ தன்னைக் கொல்ல வருவதாக உறுதியாக நம்பிக்கொண்டிருப்பார். பொருள் தீர்ந்ததும் எழுப்ப முடியாத தூக்கத்திலும் மனச்சோர்விலும் விழுவார். இந்த இரண்டு நிலைகளில் எதிலும் அவருடைய பேச்சைப் பதிவு செய்து பயனில்லை.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கடைசியாக ஹெராயின் எடுக்கிறார். மாலை 6 மணிக்குக் கைதாகிறார். 24 மணி நேர வரம்புக்குள், செவ்வாய் மாலை 4 மணிக்கு நடுவர் முன் நிறுத்தப்படுகிறார். ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க விரும்புவதாகச் சொல்கிறார். நடுவர் முறைப்படி எச்சரித்து, யோசிக்க 24 மணி நேரம் கொடுத்து, புதன் மாலை 5 மணிக்குப் பதிவு செய்கிறார். சர்வான் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 1957ஆம் ஆண்டு வழக்கில், பொதுவாகக் குறைந்தது 24 மணி நேரமாவது யோசிக்க அவகாசம் தருவது பொருத்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒட்டியே இந்த நடைமுறை வளர்ந்தது. காவலரின் செல்வாக்கிலிருந்து விலகி ஆற அமர யோசிக்கட்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் நம் கணக்கில் உள்ளவருக்குப் புதன் மாலை 5 மணி என்பது கடைசி ஹெராயினுக்குப் பிறகான 50ஆம் மணி நேரம், அதாவது வேதனையின் உச்சம். குடிப் பழக்கம் உள்ளவருக்கோ, பிதற்றல் தொடங்கக்கூடிய நேரம். தெளிவுக்காகக் கொடுத்த அவகாசமே மிகத் தெளிவில்லாத வேளையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது.

ஆகவே இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் முதலில் செய்ய வேண்டியது, விலகலுக்குச் சிகிச்சை அளித்து, மருத்துவர் மறுபடியும் பரிசோதித்துத் தெளிவாக இருக்கிறார் என்று எழுதும்வரை பதிவைத் தள்ளிவைக்கும்படி நடுவரிடம் மனுக் கொடுப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவு, தானாக மனமுவந்து கொடுக்கிறார் என்று நடுவர் நம்பக் காரணம் இருந்தால்தான் பதிவு செய்யலாம் என்கிறது. அந்த நம்பிக்கைக்கு வருவதற்காக நடுவர் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு, கடைசியாக எப்போது என்ன எடுத்தீர்கள், நேற்று இரவு தூங்கினீர்களா, சாப்பிட்டது வயிற்றில் நின்றதா, இன்று என்ன மருந்து கொடுத்தார்கள் என்ற நான்கையும் கேட்டுப் பதில்களை எழுதினால், பிற்பாடு வரும் பல வாதங்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மனத்தில் நடப்பது ஒன்றல்ல

போதையிலும் விலகலிலும் நம்பகத்தன்மை குலைவது ஒரே வழியில் நடப்பதில்லை. எந்த வழியில் குலைந்தது என்று பிரித்தறியாமல், “அவர் போதையில் இருந்தார்” என்று மட்டும் வாதிட்டால் அது எடுபடாது.

முதலாவது, நினைவே பதியாமல் போவது. மிகுந்த குடியிலும் சிலவகைத் தூக்க மாத்திரைகளிலும் ஒருவர் நடக்கிறார், பேசுகிறார், வண்டிகூட ஓட்டுகிறார். ஆனால் அந்த நேரம் அவருடைய நினைவில் சேமிக்கப்படவே இல்லை. பின்னால் எவ்வளவு நேரம் விசாரித்தாலும் இல்லாத நினைவு வெளிவராது. அந்த வெற்றிடம் அவரை அச்சுறுத்தும். “நீதான் செய்திருக்கிறாய், போதையில் உனக்கு ஞாபகமில்லை” என்று அதிகாரி உறுதியாகச் சொல்லும்போது, மறுப்பதற்கு அவரிடம் சொந்த நினைவு எதுவும் இல்லை. “அப்படித்தான் செய்திருப்பேன் போலிருக்கிறது” என்று தொடங்கும் வாக்குமூலத்தைக் கண்டால் அங்கே நிறுத்திப் படியுங்கள். நெடுங்காலக் குடியால் தயமின் என்னும் வைட்டமின் குறைந்து மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இன்னொன்றும் உண்டு: ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாமலேயே, நினைவில் உள்ள இடைவெளிகளை நடக்காத செய்திகளால் நிரப்பிக் கோவையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, கேள்வியிலிருந்தே செய்தியை உள்வாங்கிக்கொள்வது. ஐஸ்லாந்தில் காவல் பணி செய்துவிட்டு உளவியலுக்கு வந்த கிஸ்லி குட்ஜான்சன் 1984இல் இதை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஒரு சிறு கதையைச் சொல்லி, நினைவிலிருப்பதைக் கேட்டபின் 20 கேள்விகள் கேட்கப்படும். அவற்றில் 15 கேள்விகள் கதையில் இல்லாததை இருப்பதுபோல் காட்டுபவை. பின்பு, நீங்கள் பல தவறுகள் செய்துவிட்டீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார்கள். எத்தனை கேள்விக்கு இணங்கினார், கண்டிப்புக்குப் பின் எத்தனை பதிலை மாற்றினார் என்ற இரண்டும் கணக்கில் வரும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆறு மாதம் கழித்து, தெளிந்த நிலையில் எடுத்த மதிப்பெண் அவருடைய இயல்பைக் காட்டுமேயன்றி, விலகலில் துடித்த அந்த இரவைக் காட்டாது. அந்த இரவுக்கு ஆதாரம் அந்த இரவின் மருத்துவக் குறிப்புதான். கஞ்சா போதையிலும் பொய் நினைவுகள் கூடுகின்றன என்பது நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2020இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது.

மூன்றாவதுதான் விலகலுக்கே உரியது, மிகவும் கவனிக்கப்படாததும் அதுவே. பொய் என்று தெரிந்தே ஒப்புக்கொள்வது. நினைவில் குழப்பம் இல்லை. தான் செய்யவில்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் எலும்பை முறுக்கும் வலியும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தூங்க முடியாத தவிப்புமாக இருப்பவருக்கு, ஐந்து ஆண்டுச் சிறை என்பது தொலைவில் இருக்கிறது, இந்த அறையை விட்டு வெளியேறுவது மட்டுமே அருகில் இருக்கிறது. “கையெழுத்துப் போட்டுட்டு போப்பா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்ற ஒரு வாக்கியம் அந்த நிலையில் எந்த மிரட்டலையும்விட வலிமையானது. ஒரு மாத்திரையோ ஒரு குவார்ட்டரோ வாங்கித் தருவதாகச் சொல்வதும் அப்படியே. இவை சட்டத்தின் கண்ணில் ஆசை காட்டல் ஆகின்றனவா என்பதை வழக்கறிஞர் குறிப்பாகக் கேட்டறிய வேண்டும்.

சிகாகோவில் 1954 புத்தாண்டு நாளின் அதிகாலையில் நடந்த ஒரு கைது இதையெல்லாம் ஒருங்கே காட்டுகிறது. கைதானவருக்கு வயது 19, ஹெராயினுக்கு அடிமையானவர். விசாரணையில் முதலில் மறுத்துவந்தார். இரவானபோது விலகல் முற்றி, மருத்துவர் வேண்டும் என்று கேட்டார். வந்த காவல்துறை மருத்துவர் பினோபார்பிட்டாலும் ஹயோசினும் கலந்து ஊசி போட்டார். வேதனை தணிந்தது; அதன்பின் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தார். வழக்கு விசாரணையில் சாட்சி சொன்ன மருத்துவர் ஹயோசின் என்ற பெயரைச் சொன்னார். அதுவே ஸ்கோபோலமின், அதாவது உண்மையைக் கக்கவைக்கும் மருந்து என்று பெயர் பெற்றது என்பது அங்கே வெளிவரவில்லை. டவுன்சென்ட் எதிர் செயின் என்ற பெயரில் 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அத்தகைய மருந்தின் விளைவாக வந்த ஒப்புதல், தெளிந்த அறிவிலும் சுதந்திரமான விருப்பத்திலும் பிறந்ததாகாது என்று சொன்னது. காவலருக்கு அந்த மருந்தின் தன்மை தெரிந்திருந்ததா என்பதைப் பொருட்படுத்தவில்லை. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் இந்த வழக்கில் இருக்கிறது.

மருத்துவர் எழுத வேண்டியவை

கைதானவரை மருத்துவமனைக்கு அழைத்துவந்தால், ரிமாண்டுக்குத் தகுதியானவர் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. சிறைக்குப் போகத் தகுதி வேறு, கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தகுதி வேறு. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சான்றுச் சட்டத்தின்கீழ் உள்ள நடைமுறை விதி இரண்டாவதைத் தனியாகவே கேட்கிறது: விசாரணையால் அவருடைய உடலுக்கோ மனத்துக்கோ கேடு வருமா, அவர் சொல்வது, உடல்நிலை அல்லது மனநிலை காரணமாக, பிற்பாடு நம்பத்தகாததாகக் கருதப்படக்கூடுமா. நம் மருத்துவர்களும் இந்த இரண்டு கேள்விகளையும் தாமாகவே கேட்டுக்கொண்டு விடையைக் குறிப்பில் எழுதலாம். எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை.

கண்டதை அப்படியே எழுதுவதுதான் முக்கியம். ஹெராயின் போதையில் கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், விலகலில் விரிந்திருக்கும். அடிக்கடி கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம், ஓரிடத்தில் உட்கார முடியாமை, விரைந்த நாடித்துடிப்பு ஆகியவற்றை எண்களோடு குறிக்க வேண்டும். அபின் வகை விலகலுக்கு 11 கூறுகள் கொண்ட ‘கௌஸ்’ அளவுகோலும், குடி விலகலுக்கு 10 கூறுகளும் 67 மொத்த மதிப்பெண்ணும் கொண்ட ‘சீவா’ அளவுகோலும் போதைச் சிகிச்சைப் பிரிவுகளில் நாளும் பயன்படுகின்றன. சில நிமிடங்களில் முடிந்துவிடும். மதிப்பெண்ணும் நேரமும் ஏ.ஆர். பதிவில் ஏறிவிட்டால், ஓராண்டு கழித்து நடக்கும் குறுக்கு விசாரணையில் யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது. இரத்தச் சர்க்கரையையும் தலைக்காயத்தையும் தவறாமல் பாருங்கள். குடிபோதை என்று ஒதுக்கப்பட்டவர் உண்மையில் இவற்றால் தடுமாறுபவராக இருந்துவிடலாம்.

மூச்சில் மதுவாடை இருப்பதால் விலகல் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. கடும் குடிப் பழக்கத்தில், இரத்தத்தில் மது இருக்கும்போதே விலகல் தொடங்கிவிடும். சிறுநீர்ச் சோதனை அண்மையில் பயன்படுத்தினார் என்பதைத்தான் சொல்லும், விசாரணை நேரத்தில் எந்நிலையில் இருந்தார் என்பதைச் சொல்லாது. செயற்கை வலி மாத்திரைகள் பலவற்றை வழக்கமான அபின் சோதனைப் பட்டை காட்டவும் காட்டாது. காலையில் பார்த்தவர் மாலையில் அதே நிலையில் இருக்கமாட்டார் என்பதால் மறுபரிசோதனை தேவை. சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு, தேவை என்று மருத்துவர் கருதினால் இன்னொரு முறை பரிசோதிக்க இடமளிக்கிறது. அறிக்கையின் நகலைக் கைதானவரோ அவர் குறிப்பிடுபவரோ பெறலாம் என்றும் சொல்கிறது. கைதுக்கும் காவலுக்கும் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்த டி.கே. பாசு வழக்கின் நெறிமுறைப்படி, காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.

சிகிச்சை கொடுத்தால் வாக்குமூலம் கெட்டுவிடும் என்று சில அதிகாரிகள் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு மாறானது. அபின் வகைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் பியூப்ரினார்பினோ மெதடோனோ மாறாத அளவில் நாள்தோறும் எடுத்துவருபவர், அந்த மருந்து தவறாமல் கிடைக்கும்போதுதான் தெளிவாக இருப்பார். அதை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பதே நம்பகத்தன்மையைக் கெடுக்கும் வேலை. அவருடைய மருந்துச் சீட்டை வீட்டார் உடனே நிலையத்துக்குக் கொண்டுவந்து ஒப்படைத்து, பெற்றதற்கு ஒரு குறிப்பும் வாங்கிக்கொள்வது நல்லது. மயக்கம் தரும் மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அதன் வேகம் தணியும்வரை கேள்விகளைத் தள்ளிவையுங்கள்.

கேள்வி கேட்பவருக்கு

அவசரமில்லாத விசாரணையைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைப்பதே சிறந்தது. முடியாதபோது, குறுகிய நேரம் கேட்டு, தண்ணீரும் உணவும் ஓய்வும் கொடுத்து, முழுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யுங்கள். “அன்று மாலையிலிருந்து நடந்ததை உங்கள் சொற்களில் சொல்லுங்கள்” என்று தொடங்கி, இடைமறிக்காமல் கேளுங்கள். “நீலச் சட்டைக்காரன் கத்தியைக் கொடுத்தானா?” என்று கேட்டுவிட்டால், நீலச் சட்டையும் கத்தியும் இனி யாருடைய நினைவிலிருந்து வந்தவை என்று எவராலும் பிரிக்க முடியாது. தெரியாது, நினைவில்லை என்ற பதில்களும் சரியான பதில்களே என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அதே கேள்வியை முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி கேட்காதீர்கள். மருத்துவம், பிணை, வீட்டாரைப் பார்ப்பது ஆகிய எதையும் பதிலோடு முடிச்சுப் போடாதீர்கள்; அவர் தாமாக அதைப் பற்றிக் கேட்டால், கேட்டதையும் நீங்கள் சொன்னதையும் எழுதி வையுங்கள்.

சட்டத்தில் எங்கே நிறுத்துவது

காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்கிறது இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23ஆம் பிரிவு. போதைப்பொருள் தடுப்புச் சட்ட வழக்குகளில் அதிகாரிகள் 67ஆம் பிரிவில் வாங்கும் வாக்குமூலங்கள் நெடுங்காலம் இதற்கு விலக்காக இருந்தன. சென்னையில் பிடிபட்ட ஹெராயின் தொடர்பான தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில் 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை அடைத்தது. விசாரிக்கப்படுபவரின் விருப்பமின்றிப் பென்டதால் ஊசி போட்டுப் பேசவைக்கும் சோதனை கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் சொல்லியாயிற்று.

ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏற்கத்தக்க ஓர் ஒப்புதல், சொன்னவர் குடிபோதையில் இருந்தார் என்பதால் மட்டுமே விலக்கப்படாது என்று அதினியத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 29ஆம் பிரிவு அப்படியே அங்கே வந்து அமர்ந்திருக்கிறது. ஆகவே நடுவர் பதிவு செய்த ஒப்புதலையோ, வெளியாளிடம் செய்ததாகச் சொல்லப்படும் ஒப்புதலையோ எதிர்கொள்ளும்போது, போதை என்று சொல்லி முற்றாக நீக்கச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். விலகலைப் பயன்படுத்தி ஆசை காட்டினார்கள் என்றால் அதற்கான உண்மைகளை அடுக்குங்கள். இல்லையென்றால், அந்த ஒப்புதலுக்கு எவ்வளவு எடை தரலாம் என்ற வாதத்துக்கு உங்கள் நேரத்தாளை அடிப்படையாக்குங்கள்.

எடை போடும்போது, விலகலில் இருந்தார் என்பதாலேயே சொன்னதெல்லாம் பொய் என்று கருதுவதும் தவறு. ஒப்புதலில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, இது காவலருக்கு முன்பே தெரியுமா, எந்த நாளிலிருந்து தெரியும் என்று எழுதுங்கள். காவலருக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லி, அதன்பின் அது மெய்யென்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அதற்கு வலு உண்டு. பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் மகஜரில் உள்ள நேரம் ஒப்புதலுக்கு முந்தியதாக இருந்தால் அந்த வலு போய்விடும். காவலர்கள் அறியாத எதுவுமே இல்லாத, அவர்களுடைய தவறான ஊகங்களைக்கூட அப்படியே திருப்பிச் சொல்கிற ஒப்புதலை நம்புவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

சாட்சிகளும் பாதிக்கப்பட்டவர்களும்

குடித்திருந்த சாட்சியைத் தெளியட்டும் என்று ஒரு வாரம் அனுப்பிவிடுவது நல்லதன்று. மிதமான போதையில் உள்ள சாட்சி, உடனே, திறந்த கேள்விகளுக்குச் சொல்வது, நாள்கள் கழித்துத் தெளிவாக இருந்து சொல்வதைவிட முழுமையாக இருக்கக்கூடும் என்று சோதனைகள் காட்டுகின்றன. எனவே அன்றே சுருக்கமாக ஒரு கூற்றைப் பதிவு செய்து, தெளிந்தபின் விரிவாக இன்னொன்றைப் பெறுங்கள். இரண்டிலும் அவருடைய அன்றைய நிலையை எழுதுங்கள். பானத்தில் எதையோ கலந்து கொடுக்கப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண்ணுக்கு இடையிடையே நினைவு இல்லாமலிருப்பது, அந்த மருந்து செய்யும் வேலையே. அவர் மறைக்கிறார் என்பதற்கு அடையாளம் அன்று. அவரிடம் நினைவுள்ள துண்டுகளை, வரிசைப்படுத்தச் சொல்லி வற்புறுத்தாமல், அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இரத்தமும் சிறுநீரும் எடுப்பதைக் கூற்று முடியட்டும் என்று தாமதிக்காமல் முதலிலேயே எடுத்து, எடுத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே குறித்துவிடுங்கள்.